ரேடியோ செட்காரர் பதில்கள்: ஸ்டேடியத்தில் ஒரு ராத்திரி

போன இதழில் ஆம்ப்ளிஃபயர் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2019 டிசம்பரில் அயர்லாந்து ராக் கோஷ்டியான யு2வின் கச்சேரிக்காக மும்பை போய்வந்ததைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். மிக்ஸர், ஜெனரேட்டர் பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

● மதுரைப் பக்கம் முளைப்பாரிக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட் கட்டுகிறவர் நீங்கள். அயர்லாந்து ராக் கோஷ்டிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

ஒரு கேசட்தான் சம்பந்தம். 1989இல் என் சித்தப்பா மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டரோடு ஐந்தாறு கேசட்டும் கொண்டுவந்தான். அவன் ஆசைப்பட்டு வாங்கியவை அல்ல. கூடத் தங்கியிருந்த யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை. ஒன்றின் அட்டையில் கறுப்பு வெள்ளையில் நாலு பேர், கடன் கொடுத்தவனை எதிரே பார்த்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். யு2 1987இல் போட்ட ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பம் அது.

அப்பாவிடமிருந்து செட் என் கைக்கு வந்திருந்த நேரம். திருவிழா அன்று விடியற்காலை விநாயகர் பாட்டு போடுவதற்கு முன்னால், எல்லாக் குழாய் ஸ்பீக்கரும் கத்துகிறதா என்று பார்க்க எதையாவது ஓடவிடுவோம். நான் இந்தக் கேசட்டை ஓடவிட்டேன். அதில் முதல் பாட்டு எடுத்த எடுப்பில் வராது. ஆர்கன் சத்தம் எங்கோ தூரத்தில் கிளம்பி மெல்ல மெல்ல ஏறும். அதற்குள்ளிருந்து கிடார் ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி வரும். அப்புறம் டிரம். பாடகர் வாயைத் திறக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிவிடும். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏப்பா, செட்டு இன்னும் சூடேறலையா?” என்றார். வால்வு செட் காலத்து மனிதர். அந்த ஆம்ப்ளிஃபயர்களில் வால்வு சூடேறச் சூடேறத்தான் சத்தம் எழும்பி வரும். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அந்தக் கிடாரை வாசிப்பவரை எட்ஜ் என்பார்கள். அவர் ஒரு தடவை மீட்டினால் அது மூன்று நான்கு தடவை திரும்பி வரும். எக்கோ கருவியின் நேரத்தைக் கணக்காக வைத்து, திரும்பி வருகிற சத்தத்தையும் தாளத்துக்குள் சேர்த்துவிடுவார். நம்மிடமும் எக்கோ இருந்தது. “அன்பார்ந்த பொதுமக்களே… மக்களே… களே…” என்று ஊர்க்காதைப் புண்ணாக்கத்தான் அது நமக்குப் பயன்பட்டது. நாம் வைத்திருந்த அதே சாமானை வைத்துக்கொண்டா இந்த ஆள் இப்படி வேலை பார்க்கிறார் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம், முப்பது வருஷம் கழித்து என்னை ரயிலேற்றியது.

● யூடியூபில் முழுக் கச்சேரியும் துல்லியமாகக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து, பாடகரை எறும்பு அளவில் பார்க்க எதற்கு சார் அவ்வளவு தூரம் போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, பாட்டைத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்றால் போகவே வேண்டாம். வீட்டில் நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்பதில் பாதிகூட ஸ்டேடியத்தில் தேறாது. இதை ஒரு செட்காரனாகவே சொல்கிறேன்.

ஆனால் நான் போனேன். மதுரையில் ஏறி ஒன்றரை நாள் ரயில். செம்பூரில் என் மச்சினன் வீடு. டிக்கெட் விலை, ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் செட் கட்டுகிற வாடகை. அதை மனைவியிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் மகனும் நானும் மதியமே ஹார்பர் லைன் லோக்கலில் ஏறினோம். மான்குர்த் தாண்டி ரயில் கடற்கழிப் பாலத்தில் போகும்போதே பெட்டிக்குள் கறுப்பு டி-ஷர்ட்டுகள் தெரிந்தன. ஆல்பத்தின் பெயரில் இருக்கிறதே, அந்த ஜோஷுவா மரத்தின் படம் போட்ட சட்டைகள். வாஷி, சான்பாடா, ஜூயிநகர் என்று ஏறிக்கொண்டே வந்து, நெரூலில் பெட்டியே காலியானது. கச்சேரி அங்கே டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில், 2008இல் முதல் ஐபிஎல் இறுதிப் போட்டி நடந்ததே, அதேதான்.

வாசல் சோதனையில் என் சட்டைப்பையில் இருந்த விபூதிப் பொட்டலம் மாட்டிக்கொண்டது. காவலர் பிரித்தார், பார்த்தார், முகர்ந்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்கு இந்தி அவ்வளவாக வராது. பொட்டலத்தில் விரலை வைத்து நெற்றியில் பட்டையாக இழுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ராக் கச்சேரிக்குள் நெற்றி நிறைய விபூதியோடு போனவன் அன்று நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் கச்சேரி, ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தை முழுதாக வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன சுற்றுப்பயணத்துக்கு அதுவே கடைசி. தொடக்கத்தில் பெரிய மேடையில் யாருமே இல்லை. டிரம்மர் லாரி மல்லன் மட்டும் கூட்டத்துக்கு நடுவே நீண்டிருந்த சின்ன மேடைக்குத் தனியாக நடந்து வந்து உட்கார்ந்தார். வேலைக்கு வந்த ஆள் மாதிரி. அடித்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நாலைந்து பாட்டு அங்கேதான். பின்னால் இருந்த பெரிய திரையை அதுவரை தொடவே இல்லை. 200 அடி அகலம், 45 அடி உயரம். நம் ஊர் தியேட்டர் திரை நாலை வரிசையாக நிறுத்தினால் வருகிற அகலம்.

அப்புறம் அந்தத் திரை முழுக்கச் சிவப்பானது. அதில் கறுப்பாக அந்த மரம். நாலு பேரும் அதன் முன்னால் போய் நின்றார்கள், நீ சொன்ன எறும்பு அளவில். ஆர்கன் சத்தம் கிளம்பியது. அதே சத்தம். மெல்ல, மெல்ல. எனக்கு அந்தத் திண்ணைப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். செட்டு சூடேறிக்கொண்டிருந்தது.

அப்போது நடந்ததுதான் உன் கேள்விக்குப் பதில். கிடார் தொடங்கியதும் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் ஸ்பீக்கர் காணாமல் போய்விட்டது. இவ்வளவு பெரிய சாதனங்களை மனிதத் தொண்டை அமுக்கியதை நான் முதன்முதலாகக் கேட்டேன். பாடகர் போனோ பாடத் தொடங்கியபோது, எனக்கு முன்னால் நின்றவர், என் வயசுதான் இருக்கும், வழுக்கை, அலுவலகத்துக்குப் போகிற மாதிரி முழுக்கைச் சட்டை, கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை பிசகாமல் பாடினார். அவருக்கும் எங்கிருந்தோ ஒரு கேசட் வந்திருக்க வேண்டும். அந்த ஆல்பத்தின் 11 பாட்டையும் வரிசை மாற்றாமல் வாசித்தார்கள். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டின் முதல் ஸ்வரம் என் தலைக்குள் முன்கூட்டியே வந்துவிடும். சுற்றி நின்றவர்களுக்கும் அப்படித்தான் என்பது அவர்கள் மூச்சை இழுத்துக்கொண்ட விதத்தில் தெரிந்தது. இது யூடியூபில் இல்லை தம்பி.

● ராக் என்றாலே காட்டுக்கத்தல்தானே?
– ஒரு வாசகர், காரைக்குடி

கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கும்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அதற்கு இது எவ்வளவோ சாந்தம்.

● அடுத்த கச்சேரிக்குப் போக நண்பர்கள் திட்டம் போடுகிறோம். மேடைக்கு முன்னால் நிற்பதா, கேலரியில் உட்காருவதா? எங்கே சத்தம் நன்றாக இருக்கும்?
– சவுண்ட் சர்வீஸ் உதவியாளர், தேனி

தொழிலில் இருப்பவர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தேர் ஓடும் தெருவில் நாலு முனைக்கும் குழாய் கட்டியிருப்பீர்கள். ஒயரில் சிக்னல் எல்லாக் குழாய்க்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆனால் சத்தம் காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். அதனால் தெருக்கோடியில் நிற்பவருக்குப் பக்கத்துக் குழாய் முதலிலும், எதிர்முனைக் குழாய் கொஞ்சம் பிந்தியும் கேட்கும். அறிவிப்பாளர் ஒருவர்தான், ஆனால் இரண்டு பேர் பேசுகிற மாதிரி குழம்பும். நாம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஸ்டேடியத்தில் இதே விஷயம்தான் தலைவலி. மேடையிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கடைசி கேலரியில் இருப்பவருக்குச் சத்தம் போய்ச் சேர கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். அதனால் பெரிய மைதானங்களில் நடுவிலும் பின்னாலும் தனிக் கோபுரம் கட்டி ஸ்பீக்கர் வைப்பார்கள். மேடைச் சத்தம் காற்றில் வந்து சேரும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு தாமதத்தை அந்த ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்கும்.

என்னதான் செய்தாலும் வெளிச்சத்துக்குத் தாமதம் கிடையாதே. திரையில் டிரம் குச்சி இறங்கிய பிறகுதான் பின்வரிசைக்காரர்களுக்குச் சத்தம் வரும். கை தட்டும்போது பாருங்கள், முன்பக்கம் தட்டுவது ஒரு தாளம், பின்பக்கம் இன்னொரு தாளம். இரண்டு பேரும் சரியாகத்தான் தட்டுகிறார்கள்.

ஸ்பீக்கர்கள் வாழைத்தார் மாதிரி ஒன்றின்கீழ் ஒன்றாகக் கொஞ்சம் வளைந்து தொங்கும். தாரின் மேற்பகுதி தூரத்து கேலரிக்கு, கீழே வளைந்த பகுதி முன்வரிசைக்கு. மேடையை ஒட்டி நிற்பவர்களுக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் விழும், பேஸ் என்கிற கனத்த சத்தம் மட்டும் அடிவயிற்றில் இடிக்கும். பக்கவாட்டு கேலரிக் கூரைக்கு அடியில் இருப்பவர்களுக்குக் கூரையில் பட்டு வருவதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதனால் நான் நின்ற இடத்தைச் சொல்கிறேன்: தரையில், நடுவில், மிக்ஸர் கூடாரத்தின் தடுப்பை ஒட்டி. சவுண்ட் என்ஜினியர் அங்கே நின்று தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். அவர் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்களுக்கும் கிடைக்கும். யு2வுக்கு ஜோ ஓ’ஹெர்லிஹி என்ற கார்க் நகரத்துக்காரர் 1970களின் கடைசியிலிருந்து சவுண்ட் பார்க்கிறார். கோஷ்டி சின்னச் சின்ன இடங்களில் வாசித்த காலத்திலிருந்து கூடவே இருப்பவர். கூடாரத்தில் நின்றவர்களில் அவர் எவர் என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பாதி நேரம் மேடையைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். “மாமா, பாடறவங்க அந்தப் பக்கம் இருக்காங்க” என்று மச்சினன் மகன் இரண்டு தடவை திருப்பிவிட்டான்.

● அந்தக் கச்சேரியில் ஏ.ஆர். ரஹ்மான் கலந்துகொண்டதாகவும் திருக்குறள் இடம்பெற்றதாகவும் சொல்கிறார்களே, மெய்தானா?
– தமிழாசிரியை, விருதுநகர்

மெய்தான் டீச்சர். ரஹ்மானும் யு2வும் சேர்ந்து ‘அஹிம்சா’ என்று ஒரு பாட்டைக் கச்சேரிக்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியிட்டிருந்தார்கள். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல” குறள் அந்தப் பாட்டில் வருகிறது. கச்சேரி முடிவதற்குச் சற்று முன்னால் ரஹ்மானும் அவருடைய மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும் மேடைக்கு வந்து, யு2வோடு சேர்ந்து அதைப் பாடினார்கள்.

பக்கத்தில் புனேயிலிருந்து வந்த ஒரு பையன். நான் குறளை முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு அர்த்தம் கேட்டான். ஐந்தாம் வகுப்பில் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்தது, மறக்குமா? ஆனால் இந்தியில் எப்படிச் சொல்வது? குனிந்து தரையைத் தோண்டுகிற மாதிரி காட்டி, அப்புறம் நின்று காலால் தரையை மிதித்துக் காட்டி, “ஜமீன்… சும்மா இருக்கும்… நீயும் சும்மா இரு” என்று பாதித் தமிழில் சொன்னேன். அவன் பயபக்தியோடு தலையாட்டினான். அவனுக்கு என்ன புரிந்ததோ, வள்ளுவர்தான் மன்னிக்க வேண்டும்.

● மகளுக்குப் பதினேழு வயது. தோழிகளோடு பெங்களூரில் ஒரு ராக் கச்சேரிக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அனுப்பலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, முதலில் டிக்கெட்டில் வயது வரம்பு பாருங்கள். நிற்கும் பகுதிக்கு ஒரு வரம்பு, கேலரிக்கு ஒரு வரம்பு என்று பல கச்சேரிகளில் வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கேலரிதான் நல்லது. வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போவது இன்னும் நல்லது. யாரும் கிடைக்காவிட்டால் நீங்களே போங்கள், உங்களுக்கும் பிடித்துப்போகலாம்.

நெரிசல் பாட்டு நடக்கும்போது அவ்வளவாக இல்லை. முடிந்ததும் எல்லாரும் ஒரே வாசலை நோக்கி வருகிறார்களே, அப்போதுதான். அந்த நேரத்தில் ஒரு பத்து இருபது நிமிடம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடச் சொல்லுங்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும், மூச்சுக்கு இடம் கிடைக்கும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது, செருப்பே போனாலும் சரி. அதனால் செருப்பு வேண்டாம், ஷூதான்.

இன்னொன்று, போனை நம்பாதீர்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் போனை எடுத்தால் டவர் திணறிப்போகும். எனக்கும் மச்சினன் மகனுக்கும் அதுதான் நடந்தது. கழிவறைக்குப் போன இடத்தில் பிரிந்துவிட்டோம். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று வரும்போதே பேசி வைத்திருந்தோம், புத்திசாலிகள்தான். பேசி வைத்த இடம் வெளியே நின்ற ஒரு கரும்புச்சாறு வண்டி. ராத்திரி வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். சக்கை மட்டும் கிடந்தது. நான் சக்கைக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றேன். அவன் வேறொரு கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். சந்திக்கும் இடம் சக்கரம் இல்லாததாக இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

● டிக்கெட் தீர்ந்துவிட்டது. இரண்டு மடங்கு விலைக்கு ஒருவர் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

வேண்டாம். ஒரே டிக்கெட்டின் படத்தைப் பத்து பேருக்கு அனுப்பி வைப்பார்கள். வாசலில் ஸ்கேன் ஆகிற முதல் ஆளுக்குத்தான் கதவு திறக்கும். மீதி ஒன்பது பேரில் நீங்கள் ஒருவர்.

● இத்தனை கருவிகள் வருவதற்கு முன்னால் மைதானக் கச்சேரிகளை எப்படி நடத்தினார்கள்?
– ஒரு வாசகர், சிவகாசி

நடத்தினார்கள், கேட்கத்தான் முடியவில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டி வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அதற்கென்று தனியாக 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்தார்கள். 100 வாட்! இன்றைக்கு நம் தெருமுனைப் பிள்ளையார் சதுர்த்திக்கே அது பத்தாது. பாட்டு மைதானத்தின் சொந்த ஒலிபெருக்கிகள் வழியாகவும் போனது. விளையாட்டு வீரர் பெயர் அறிவிக்க வைத்திருந்தவை. மேடையில் அவர்கள் காதுக்கென்று ஸ்பீக்கரே கிடையாது. ரசிகைகளின் கூச்சலில் டிரம்மர் ரிங்கோவுக்குத் தன் கோஷ்டி பாடுவதே கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்கள் தலையை ஆட்டுவதையும் இடுப்பை அசைப்பதையும் பார்த்துத்தான், பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டாராம். அடுத்த வருஷமே அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

● காதுக்குக் கெடுதலா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

கெடுதல்தான், இதில் நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான். இடது காதில் ஒரு வண்டு ராப்பகலாக ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

தொழிலாளர் நலத்துக்காக அமெரிக்காவில் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். அப்படியே ஏறிப்போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். கச்சேரி நடக்கும் இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. ராக் கச்சேரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் பஞ்சுபோல ஒரு காதடைப்பான் கிடைக்கும். விரலில் நன்றாக உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். அது உள்ளே விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. நான் அன்று வலது காதுக்கும் இடது காதுக்கும் போட்டுக்கொண்டுதான் நின்றேன். சிவப்புத் திரை வந்தபோது மட்டும் இரண்டையும் கழற்றிவிட்டேன். அந்த ஒரு பாட்டுக்கு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

● அங்கிருந்து நினைவாக என்ன வாங்கி வந்தீர்கள்?
– ஒரு வாசகர், மேலூர்

டி-ஷர்ட் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி. நிற்கும் பகுதிக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அதை ஊர் வந்து சேரும்வரை கழற்றவில்லை. “ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகிட்டு வர்றீங்களா?” என்றாள் மனைவி. அப்புறம் கத்தரித்து, அப்பாவின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கைப்பிடியில் சுற்றி வைத்தேன். அந்த ஆம்ப்ளிஃபயர் இப்போது ஓடுவதில்லை; கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறது. போன பங்குனிக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எந்தக் கோயில் காப்புண்ணே இது?” என்று கேட்டான்.

“நெரூல்” என்றேன்.

“அங்க என்ன சாமிண்ணே?” என்றான். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது, குழாய்களை ஏற்றப் போய்விட்டோம்.